ஜாமீன் கிடைத்தும் சிறையில்: கையெழுத்துப் போட ஆள் இல்லாதவர்களுக்கு வழி என்ன?

ஏரிக்கரை வாத்தியார்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருளர் குடும்பங்கள் வசிக்கின்றன. மாலை வேளையில் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞன் ஒருவனை, பம்புசெட் மோட்டாரில் இருந்த செம்புக் கம்பியைத் திருடினான் என்று சொல்லிக் கைது செய்தார்கள். மோட்டாரின் சொந்தக்காரரே "இவன்தான் என்று நான் சொல்லவில்லை" என்கிறார். அந்த விவாதத்துக்கு நான் இப்போது போகவில்லை.

சட்ட உதவியில் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். ஒரு பைசா வாங்காமல் ஜாமீனும் பெற்றுத் தந்துவிட்டார். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும், வெளியே வந்த பிறகு தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்று உத்தரவில் இருக்கிறது. மூன்று வாரங்கள் ஆகின்றன. பையன் இன்னும் கிளைச் சிறையில்தான் இருக்கிறான்.

தாயிடம் ஆதாரும் ரேஷன் கார்டும் இருக்கின்றன. வீட்டு வரி ரசீது கேட்கிறார்கள். ஏரிப் புறம்போக்கில் கட்டிய குடிசைக்கு எந்த ஊராட்சி வரி போடும்? இரண்டாவது ஆளாக நான் நிற்கத் தயார். ஆனால் இதே குடியிருப்பில் வேறொரு பையனுக்குப் போன வருடம் நின்றிருக்கிறேன், அந்த வழக்கு முடியவில்லை. "ஒரே ஆள் எத்தனை பேருக்கு நிற்பீர்கள்?" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் தானாக வந்து பேசினார். தலைக்கு இவ்வளவு கொடுத்தால் இரண்டு பேரை நிறுத்திவிடுகிறாராம். பையனின் தாய் கம்மலை அடகு வைக்கிறேன் என்கிறாள்.

வேறு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிரஸ்தார் தாத்தா:

ஆசிரியர் ஐயா, கம்மலை அடகு வைக்க விடாதீர்கள். நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன். அந்த டீக்கடை ஆட்கள் கொண்டுவரும் வரி ரசீது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரே முகம் இரண்டு பெயரில் நிற்கும். பிறகு அகப்பட்டால் அவர்கள் மீது வழக்கு வரும், அத்தோடு உங்கள் பையனின் ஜாமீனும் போகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஜாமீன்தாரர் இப்போது பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால் 10,000 ரூபாய் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் பிணைப்பத்திரம். கட்டக்கூடியவர்தானா என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) பார்க்கிறார். பட்டா, வரி ரசீது, வண்டியின் ஆர்.சி. புத்தகம் எல்லாம் அதைச் சரிபார்க்க வந்த வழக்கங்கள். "பட்டா இல்லாதவர் ஜாமீன் நிற்கக் கூடாது" என்று சட்டத்தில் எந்த வரியும் இல்லை. ஜாமீன்தாரரின் தகுதிக்குப் பிரமாணப் பத்திரத்தையே நீதிமன்றம் ஆதாரமாக ஏற்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 485ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் 441. தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்று 484 சொல்கிறது.

நீங்கள் ஏற்கெனவே ஒருவருக்கு நின்றிருப்பதும் தடை இல்லை. 486ஆம் பிரிவின்படி எத்தனை பேருக்கு நிற்கிறீர்கள் என்று மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்பதா வேண்டாமா என்பது நடுவரின் முடிவு. எழுத்தரிடம் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். மனுவாகக் கொடுங்கள்.

நம்பாதவன்:

இலவச வக்கீல் ஜாமீன் வாங்கிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அவரை யாராவது பார்த்தீர்களா? மாதாந்திர அறிக்கையில் "ஜாமீன் பெறப்பட்டவை" என்ற கட்டத்தில் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும். பையன் வெளியே வந்தானா என்பதற்கு அந்த அறிக்கையில் கட்டமே இருக்காது.

கறுப்பு கவுன்:

நம்பாதவன் அவர்களே, நான் அந்த இலவச வக்கீல்களில் ஒருத்தி. வேறு மாவட்டத்தில் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞராக இருக்கிறேன். உங்கள் கேலியில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிக்குப் பிறகு வருகிறேன்.

ஆசிரியர் ஐயா, உங்கள் நிலைமைக்கு அளந்து தைத்தது போல உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு ஒன்று இருக்கிறது. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 31.01.2023. ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத கைதிகளுக்காக நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கு அது. அதில் சொல்லியிருப்பது இதுதான்.

ஜாமீன் உத்தரவின் நகலை அன்றைக்கோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாட்களுக்குள் கைதி வெளியே போகவில்லை என்றால், கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவியை நடத்தும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். செயலாளர் சட்டத் தன்னார்வலரையோ சிறைக்குச் செல்லும் வழக்கறிஞரையோ அனுப்பிக் காரணம் கேட்கலாம். குடும்பத்தின் பொருளாதார நிலை பற்றி ஓர் அறிக்கை தயாரித்து, நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தில் வைக்கலாம். "வெளியே போனால் ஜாமீன்தாரரைத் தேடிக் கொண்டுவருகிறேன்" என்று கைதி கேட்டால், குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிக ஜாமீன் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம். ஒரு மாதம் ஆகியும் பிணைப்பத்திரம் வரவில்லை என்றால், யாரும் மனுப் போடாமலேயே நீதிமன்றம் வழக்கை எடுத்து நிபந்தனையை மாற்றலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதே தாமதத்துக்கு ஒரு காரணம், அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. பையனின் பெயர், குற்ற எண், காவல் நிலையம், எந்த நீதிமன்றம், ஜாமீன் உத்தரவின் தேதி, ஏன் ஆள் நிறுத்த முடியவில்லை என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். இன்னொரு நகல் சிறைக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் போகட்டும். அதோடு, ஜாமீன் பெற்றுத் தந்த அதே வழக்கறிஞரைப் பார்த்து நிபந்தனைத் தளர்வு மனு போடச் சொல்லுங்கள். அவர் செய்ய மறுத்தால் அதையும் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

ஏரிக்கரை வாத்தியார்:

நன்றி அம்மா. இவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சந்தேகம். முதலில் சட்ட உதவி கேட்டுப் போனபோதே சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பழங்குடிச் சான்றிதழ் எங்கள் மாவட்டத்தில் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வழியாக வேறொருவர் மூலம் பேசி வழக்கறிஞரைப் பெற்றோம். மறுபடியும் அதையே கேட்டால் என்ன சொல்வது?

கறுப்பு கவுன்:

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "பையன் காவலில் இருக்கிறான்." 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில் யார் யாருக்கு இலவச உதவி உண்டு என்ற பட்டியல் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருடன் காவலில் இருப்பவர்களும் தனியாகவே அதில் வருகிறார்கள். காவலில் இருப்பவருக்குச் சாதியும் கேட்க வேண்டியதில்லை, வருமானமும் கேட்க வேண்டியதில்லை. கோடீசுவரனாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். வருமானத்தை வைத்து உதவி கேட்பவர்களுக்குக்கூட, பிரமாணப் பத்திரமே போதுமானதாகக் கொள்ளலாம் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. தாசில்தார் சான்று கட்டாயம் என்று மேசையில் இருப்பவர் சொன்னால் அது அவருடைய சட்டம்.

மறுத்தால் ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்டத்தில் தலைவர் என்பவர் முதன்மை மாவட்ட நீதிபதி. தொலைபேசியில் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது.

மல்லிகைப்பந்தல்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பெண்கள் என்றால் வருமான வரம்பு கிடையாதா? என் அக்காவுக்கு ஜீவனாம்ச வழக்கு இருக்கிறது. அவர் வேலைக்குப் போகிறார் என்பதால் கிடைக்காது என்று ஒருவர் சொன்னார்.

கறுப்பு கவுன்:

வருமான வரம்பு கிடையாது சகோதரி. பெண் என்பதே தகுதி. வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊரிலேயே விண்ணப்பிக்கலாம்.

நம்பாதவன்:

சரி, இப்போது என் பங்கு. என் சித்திக்குப் பாகப்பிரிவினை வழக்கு. மேலே சொன்ன பெண் என்ற தகுதியில்தான் சட்ட உதவிப் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் ஒருவரை நியமித்தார்கள். முதல் வாய்தாவிலேயே "டைப்பிங் செலவு" என்றார். பிறகு "குமாஸ்தாவுக்கு" என்றார். பிறகு நகல் எடுக்க, சம்மன் அனுப்ப, பேட்டா. எல்லாவற்றையும் கூட்டினால் வெளியில் ஒரு வக்கீலையே வைத்திருக்கலாம். அது போகட்டும். பெரும்பாலான வாய்தாக்களில் அவர் ஜூனியர்தான் வந்தார், அவருக்குக் கட்சிக்காரர் யார் என்றே தெரியவில்லை. எதிராளிக்குப் பணம் இருந்தது, பெரிய வக்கீல் வைத்தான், தீர்ப்பு எப்படி வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உரிமை இருக்கிறது, பிரிவு இருக்கிறது, உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது என்று நீங்கள் அடுக்குவதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏழைக்குக் கிடைப்பது ஏழை வக்கீல்.

கறுப்பு கவுன்:

உங்கள் சித்திக்கு நடந்தது முறைகேடு. அதற்கு மென்மையான பெயர் தேட வேண்டாம். சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் கட்டணமோ வேறு எந்தத் தொகையோ கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, நகல் எல்லாம் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏற்க வேண்டிய செலவுகள். புகார் கொடுத்தால் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். ஆனால் வழக்கு நடக்கும்போது சொந்த வக்கீல் மீது புகார் கொடுக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

தரம் பற்றிச் சொன்னதில் ஒரு பாதியை மறுக்கிறேன். பட்டியல் வழக்கறிஞருக்கு வழக்குக்கு இவ்வளவு என்று தரும் கட்டணம் பஸ் செலவுக்கே போய்விடும் என்ற நிலைதான் வெகுகாலமாக இருந்தது. தன் அலுவலகத்தில் காசு கொடுக்கும் கட்சிக்காரர் உட்கார்ந்திருக்கும்போது அவர் எதைக் கவனிப்பார்? அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் 2022இல் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் குற்ற வழக்குகளுக்கு முழுநேரப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறையைக் கொண்டுவந்தது. எங்களுக்கு மாதச் சம்பளம். தனியார் வழக்கு எதையும் எடுக்கக் கூடாது. தலைமை, துணை, உதவி என்று மூன்று நிலைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் நான் நீதிமன்றத்துக்கு வந்தால் என் மேசையில் இருப்பவை எல்லாம் இந்த வழக்குகள்தான். குறை இல்லை என்று சொல்லவில்லை. ஒப்பந்தப் பணி. கோப்புகள் அதிகம், ஆட்கள் குறைவு. சிறைக்குப் போய்ப் பேசிய கைதியின் பெயர் அடுத்த வாரம் நினைவில் இருப்பதில்லை. உங்கள் முதல் பதிவில் சொன்னீர்களே, கைதி வெளியே வந்தானா என்பதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை என்று. அது சுட்டது. எங்கள் பதிவேட்டில் அந்தக் கட்டத்தை நானே பென்சிலால் போட்டு வைத்திருக்கிறேன்.

தென்பெண்ணை:

பாதுகாப்பு வழக்கறிஞர் முறையை எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் பலர் எதிர்க்கிறார்கள். வழக்குப் போடுவதும் அரசு, எதிர்வாதம் செய்பவருக்குச் சம்பளம் தருவதும் அரசுப் பணம் என்பது அவர்களின் வாதம். அதில் தொழில் நலனும் கலந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் என் கேள்வி வேறு.

நீங்கள் எல்லோரும் ஜாமீன் உத்தரவுக்குப் பிறகு நடப்பதைப் பேசுகிறீர்கள். இந்தப் பையனை ஏன் கைது செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே? சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்வது கட்டாயம் இல்லை, ஆஜராகும்படி அறிவிப்புக் கொடுத்து விசாரிக்கலாம், கைது செய்தால் காரணத்தை எழுத வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று ரிமாண்ட் செய்யும் நடுவர் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும் அந்த முதல் நிமிடத்திலேயே வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று 1980 டிசம்பரில், பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய வழக்கிலேயே சொன்னார்கள். நடப்பதோ, நடுவர் வீட்டு வாசலில் இரவில் ஒரு கையெழுத்து. பையனிடம் "அடித்தார்களா?" என்று கேட்கும்போது அடித்தவர் அவன் பின்னால் நிற்கிறார்.

இன்னொன்றையும் இருளர் குடியிருப்புகளில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். 479ஆம் பிரிவு, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும் மற்றவர்கள் பாதியையும் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது. விண்ணப்பிக்க வேண்டிய கடமையே சிறைக் கண்காணிப்பாளருடையது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நல்ல பிரிவுதான். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இது கிடையாது. ஒருவனைப் பிடித்தால் ஊரில் துப்புத் துலங்காத பழைய திருட்டுகளையும் அவன் தலையில் கட்டும் வழக்கம் எந்தச் சமூகங்களிடம் அதிகம் காட்டப்படுகிறது? அவர்களுக்குத்தான் இந்தக் கதவு சாத்தப்படுகிறது. உங்கள் பையன் மீது இப்போது எத்தனை வழக்குகள் காட்டியிருக்கிறார்கள் என்று உடனே பாருங்கள்.

ஏரிக்கரை வாத்தியார்:

ஒன்றுதான். ஆனால் நீங்கள் கேட்டதும் பயம் வந்துவிட்டது. போன வருடம் நான் ஜாமீன் நின்ற பையன் மீது மூன்று.

பழைய வி.ஏ.ஓ.:

வருவாய்த் துறையைக் குறை சொல்லி இங்கே யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், இன்னும் எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். ஜாமீன் நிற்பவருக்குச் சொத்து மதிப்புச் சான்று கேட்டு வந்தால் கிராம நிர்வாக அலுவலர் தயங்குவார். நாளைக்கு ஆள் ஓடிப்போனால் "இவருக்குச் சொத்து இருக்கிறது என்று எழுதியவர் யார்?" என்று கேள்வி தன் பக்கம் திரும்பும் என்ற பயம். புறம்போக்கில் இருப்பவருக்கு எழுதினால், ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம் வேறு. இரண்டுமே தேவையில்லாத பயங்கள்தான். ஆனால் சஸ்பெண்ட் ஆவது அவர் ஒருவர்தான்.

நான் பார்த்தவரை, நூறு நாள் வேலை அட்டை, வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு மூன்றையும் சேர்த்து வைத்து, இவர் இந்த ஊரில் நிரந்தரமாக இருப்பவர் என்று மட்டும் ஒரு வசிப்பிடச் சான்று வாங்கினால் வேலை நடக்கும். அதைக் கொடுக்க யாரும் அஞ்சுவதில்லை. சொத்து என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

வீட்டுமனைப் பட்டா வாங்கிக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அங்கேயே தர முடியாது, மாற்று இடம்தான் பார்க்க வேண்டும். அதற்கான கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனிக் கலை.

மலையடிவாரம்:

பெரியவர் கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்டா இல்லாததால் வரி ரசீது இல்லை, வரி ரசீது இல்லாததால் ஜாமீன் இல்லை, ஜாமீன் இல்லாததால் சிறை. சட்ட உதவி என்பதை வக்கீல் வைத்துக் கொடுப்பது என்று சுருக்கினால் இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியை மட்டும்தான் தொடுகிறோம்.

நான் தருமபுரிக்காரன். வாச்சாத்தி எங்களுக்குப் பாடம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை மூன்றும் ஒரு மலைக்கிராமத்துக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரையே சூறையாடினார்கள். ஊர்க்காரர்கள்தான் சிறைக்குப் போனார்கள். அந்த நேரத்தில் எந்த இலவச வக்கீல் வந்து அவர்களைக் காப்பாற்றினார்? மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் பின்னால் நின்றதால் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் தவிர்த்து, மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். அந்தப் பெண்கள் இத்தனை வருடமும் சாட்சிக் கூண்டுக்கு வந்து நிற்க வேண்டியிருந்தது. பஸ் செலவுக்குக் காசு, சாப்பாடு, மிரட்டலுக்குப் பயப்படாமல் இருக்க நான்கு பேர் துணை, இவை எல்லாம் சங்கம் கொடுத்தவை. எந்தச் சட்டப் பிரிவும் அவற்றைக் கொடுக்கவில்லை.

கறுப்பு கவுன்:

தோழர், நீங்கள் சொன்ன கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு 15ஏ என்ற பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, பாதுகாப்பு எல்லாம் அதில் உரிமையாகவே வருகின்றன. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கொடுக்கும் முன் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லி, அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. வாச்சாத்தி நடந்தபோது இது இல்லை. இப்போது இருப்பதைக் கேட்டு வாங்கவும் உங்களைப் போன்ற சங்கம் வேண்டியிருக்கிறது என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

பனியன் நகரம்:

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதே கதை வேறு மொழியில் நடக்கிறது. ஒடிசா, பீகார் பையன்கள் விடுதியில் அடித்துக்கொண்டு கைதானால், உள்ளூர் ஜாமீன் இரண்டு பேர் என்று உத்தரவாகிறது. நிறுவனத்தின் மேற்பார்வையாளர் தொலைபேசியை எடுக்கமாட்டார். காண்டிராக்டர் அடுத்த ஆளை ரயிலில் ஏற்றிவிட்டிருப்பார். அவன் அம்மா ஊரிலிருந்து வந்து நின்றாலும் "இவர் வேறு மாநிலம்" என்கிறார்கள்.

மோதிராம் வழக்கு 1978இல் வந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் நடுவர், அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதை அடித்துத் தள்ளித் தொகையை 1,000 ஆக்கினார். தமிழனோ மலையாளியோ வடக்கே எங்கோ கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் கேட்டிருப்பார். இப்போது அதே கேள்வியைத் திருப்பூரில் ஒரு பீகார்க்காரன் கேட்கிறான். நாட்டில் 2022 இறுதியில் சிறையில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை பேர் உத்தரவு கையில் இருந்தும் உள்ளே இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழைக் கைதிகளுக்கு மத்திய அரசு ஜாமீன் தொகை கட்டும் திட்டம் 2023இல் வந்ததே, அது இவருக்கு உதவாதா?

சிரஸ்தார் தாத்தா:

பணமாகக் கட்டச் சொன்ன வழக்குக்கு அது உதவும். ஆள் ஜாமீன் கேட்டால் பணம் வைத்திருந்தும் பயன் இல்லை. ஆள் ஜாமீனுக்குப் பதிலாகப் பண வைப்பை ஏற்கும்படி பி.என்.எஸ்.எஸ். 490ஆம் பிரிவில் மனுப் போட்டு, அதற்கு உத்தரவு வாங்கி, பிறகு அந்தத் திட்டத்துக்கான மாவட்டக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். 10,000 ரூபாய் விஷயத்துக்கு அவ்வளவு சுற்று வேண்டாம். தளர்வு மனுதான் நேர்வழி. வேறு ஆள் இல்லாமல் கைதியின் சொந்தப் பிணையே போதும் என்று கேளுங்கள், முடியாவிட்டால் ஒரு நபர் ஜாமீன் என்று மாற்று வேண்டுகோளையும் அதே மனுவில் வையுங்கள். இரண்டு மனுவாகப் போட்டால் இரண்டு வாய்தா.

ஏரிக்கரை வாத்தியார்:

தகவல் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அலைச்சல். கறுப்பு கவுன் அம்மா சொன்னபடி ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம். செயலாளர் அலுவலகத்தில் அந்த 31.01.2023 தேதியைச் சொன்னதும் உட்காரச் சொன்னார்கள், அது வரை நின்றுகொண்டுதான் இருந்தோம். சட்டத் தன்னார்வலர் ஒரு பெண் குடியிருப்புக்கே வந்து பார்த்து அறிக்கை எழுதினார். குடிசையைப் படம் எடுத்தார். வி.ஏ.ஓ. ஐயா சொன்ன மூன்று காகிதங்களையும் வசிப்பிடச் சான்றையும் இணைத்தோம். அதே வழக்கறிஞர்தான் மனுத் தாக்கல் செய்தார். நம்பாதவன் ஐயாவுக்காக இதைச் சொல்கிறேன்: கேட்டதும் வந்தார். ஆனால் கேட்கும் வரை அவருக்குப் பையன் உள்ளே இருப்பது தெரியாது.

நடுவர், இரண்டு ஜாமீன் என்பதை ஒன்றாக்கி, தாயின் பிணையை ஏற்றுக்கொண்டார். பையன் வெளியே வந்துவிட்டான்.

இப்போது புதிய சிக்கல். தினமும் 10.30 மணிக்குக் கையெழுத்து என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. காவல் நிலையம் பதினைந்து கிலோமீட்டர். பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எந்த வேலைக்குப் போக முடியும்? குடும்பம் பக்கத்து மாவட்டத்தில் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கியிருக்கிறது. சூளைக்காரர் ஆள் அனுப்பிவிட்டார், "பையன் வராவிட்டால் தங்கையை அனுப்பு, இல்லையென்றால் பணத்தை வை" என்கிறாராம். தங்கை ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

நம்பாதவன்:

பையன் வந்தது மகிழ்ச்சி. நான் சொன்னதும் மாறவில்லை: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் செருப்புத் தேய அலைந்ததால் வந்தான். ஆசிரியர் இல்லாத ஏரிக்கரைகளுக்கு யார் அலைவது?

கறுப்பு கவுன்:

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

கையெழுத்து நிபந்தனையைத் தளர்த்த இரண்டு வாரம் தவறாமல் போட்ட பிறகு மனுப் போட்டால் எடுபடும். ஒரு நாளும் விட வேண்டாம். நேரத்தை மாற்றி மாலையாக்கவோ, வாரம் ஒரு முறையாக்கவோ கேளுங்கள்.

சூளை விஷயத்தை அந்த மனுவில் எழுதவே வேண்டாம். முன்பணத்துக்காக ஒருவரைப் பிடித்து வைப்பதும், அவருக்குப் பதிலாகச் சிறுமியைக் கேட்பதும் 1976ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டத்தில் வரும் குற்றம். அந்தக் கடனே சட்டப்படி செல்லாது. மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் தனி மனு எழுதுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலேயே கொடுத்து மனு எண் வாங்குங்கள். சிறுமியின் பள்ளிச் சான்றின் நகலை இணையுங்கள். குழந்தை என்ற முறையில் அவளுக்கும் 12ஆம் பிரிவில் தனி வழக்கறிஞர் உண்டு. முன்பணம் எவ்வளவு, யார் கையால், எந்த மாதம் வாங்கினார்கள், இதுவரை எவ்வளவு கழித்தார்கள் என்று தாயிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துண்டுச் சீட்டு ஏதாவது கொடுத்திருந்தால் கசங்கியதாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம்.